மரமறுக்கும் மின்சாரப் பட்டை ரம்பம்

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம் என்பதன் திரிபென்பர். திந்திரிணியென்பது வடமொழியிற் புளியமரத்தின் பெயர். பெயரிலேயே காட்டைச் சுமக்கும் அவ்வூரிலிருந்து விழுப்புரம் வரையுள்ள கிராமங்களில் இன்றும் புளி, வேம்பு, பூவரசு, வாகை, பலா முதலிய மரங்களுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் அவை வீழ்ந்தபின் அவற்றுக்கு வாய்க்கும் கதியில்தான். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் வந்த பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வேர்பற்றிய மண் இவ்வாறு குழம்பானால் முதுமரம் நிற்பதெப்படி?

வீணைக்கும் மிருதங்கத்திற்கும் உரிய பலாமரம் விறகுக் கடைத் தராசில் ஏறுவதற்குக் காரணம் உடையவனது அறியாமையன்று. அடிமரத்தைப் பெயர்த்து, வண்டியிலேற்றி, நகரத்து மரவாடிக்குக் கொண்டுபோய், அறுப்புக் கூலியும் கொடுத்து, பலகையைத் திரும்பக் கொணரும் செலவு ஒன்றிரண்டு மரம் உடையவனுக்குக் கட்டுவதில்லை. மேடை கட்டி, மேலொருவனும் கீழொருவனுமாக நின்று கைவாளால் இழுக்கும் அறுப்புக்காரரும் இந்நாளில் அரியர். ஆகவே மரம் கிடக்கும் இடத்திற்கே சென்று அறுக்கும் சிறு யந்திரம் ஒன்றை நாட்டுப்புறப் பட்டறையிலேயே அமைத்தல் கூடுமாவென்று ஆராய்வது பயனுடைத்து. கூடும், ஆனால் அதற்குரிய கணக்கை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மரவாடியில் 'பேண்ட் சா' எனப்படுவதே பட்டை ரம்பம். ஒரு விளிம்பிற் பல் வெட்டிய மெல்லிய எஃகுப் பட்டையை முனையோடு முனை பொருத்தி, இரு சக்கரங்களின்மேல் பெல்ட்டைப்போல ஓடவிடுவதே இதன் அமைப்பு. இக்கருத்துக்கு 1808-இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பார் காப்புரிமை பெற்றார். ஆயினும் பட்டையின் பொருத்து அடிக்கடி விட்டுப் போனமையால் யந்திரம் நெடுங்காலம் பயன்படவில்லை. 1846-இல் ஆன் போலின் கிரெப்பேன் என்னும் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி உறுதியாகப் பொருத்தும் முறையைக் கண்டு உரிமை பெற்ற பின்னரே இது தொழிலுக்கு உதவிற்று. இன்றைக்கும் உள்ளூரில் இதனைச் செய்வோர் எல்லாவற்றையும் தாமே செய்யலாம். பட்டையையும் அதன் பொருத்தையும் மட்டும் அத்தொழிலில் தேர்ந்தவரிடமே வாங்குதல் நலம்.

வட்ட ரம்பத்தைவிட இதற்குள்ள மேன்மை அதன் மென்மையே. பன்னிரண்டு அங்குலச் சதுரமாகத் திருத்திய கட்டை ஒன்றை ஒரு அங்குலப் பலகைகளாக அறுப்பதாகக் கொள்வோம். பெரிய வட்ட ரம்பத்தின் அறுப்பு வாய் கால் அங்குலமாயின் ஒன்பது பலகைகளும் எட்டு அறுப்புகளும் சேர்ந்து பதினொரு அங்குலம் ஆகிவிடும். பத்தாவது பலகைக்கு இடமில்லை. பட்டை ரம்பத்தின் கனம் அங்குலத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. பற்களை இருபுறமும் சிறிது வளைத்துவிடுவதால் அறுப்பு வாய் பன்னிரண்டில் ஒரு பங்காகும். இதனால் பதினொரு பலகைகள் கிடைக்கும். மற்றதில் இரண்டு பலகை மரத்தூளாய்ப் போயிற்றென்பது பொருள். தூளாக்குவதற்கும் மின்சாரம் வேண்டுமன்றோ? வாய் குறுகியதாதலின் 5 குதிரைத்திறன் மோட்டாரே ஓரடிக் கட்டைகளுக்குப் போதும். 1982-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் தோன்றிய உட்மைசர் என்னும் நிறுவனம் இவ்வகைச் சிறு யந்திரங்களை உலகெங்கும் பரப்பியதற்கும் இதுவே அடிப்படை.

பெரிய ஆலைகளில் ரம்பம் நிலையாக நிற்க, மரம் டிராலியின்மேல் நகரும். சிறு யந்திரத்தில் மரம் அசையாது கிடக்கும். ரம்பந்தாங்கிய தலைப்பகுதியே இரு தண்டவாளங்களின்மேல் தள்ளப்படும். கனத்த மரத்தைத் தாங்கி ஓட்டும் செலவு இதனால் மிச்சம். தண்டவாளங்கள் ஒரு மட்டமாக இருத்தல் மட்டும் இன்றியமையாதது. அவற்றிலுள்ள கோணல் அப்படியே பலகையில் வந்து படியும்.

இனிக் கணக்கு. சக்கரத்தின் குறுக்களவு 19 அங்குலம் எனின் சுற்றளவு ஏறக்குறைய 5 அடி. பட்டையின் வேகம் நிமிஷத்திற்கு 5,000 அடியளவில் இருத்தல் நன்று. ஆகவே சக்கரம் நிமிஷத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றவேண்டும். மோட்டாரோ 1,440 சுற்றுச் சுற்றுவது. மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும் சக்கரத்தின் அச்சில் ஐந்தேமுக்கால் அங்குலப் புல்லியும் மாட்டினால் கணக்குச் சரியாகும். சக்கரங்களின் அச்சுகளுக்கிடையே 42 அங்குலம் விட்டால் பட்டையின் நீளம் 12 அடி. சக்கரத்தின் விளிம்பில் வீ பெல்ட் ஒன்றைப் பதித்து அதன்மேல் பட்டையை ஓட்டுவர். இல்லையேல் இரும்பின்மேல் பட்டுப் பல்லின் வளைவு கெடும்.

நாட்டுப்புறப் பட்டறைகளில் அமைப்போர் பெரும்பாலும் மோட்டாரின் வலிமையைப் பற்றியே கவலுவர். கவலவேண்டியது பட்டையின் இழுவிசையைப் பற்றி. ஒன்றேகால் அங்குல அகலமுள்ள பட்டை தளராமல் நேராக அறுப்பதற்கு அதன் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் தனித்தனியே சுமார் 400 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக் கட்டவேண்டும். ஆகவே சக்கர அச்சின்மேல் விழும் சுமை சுமார் 800 கிலோ. ஒரு பெரிய எருதைக் கட்டித் தொங்கவிட்டாற் போன்ற அச்சுமையை மெல்லிய ஆங்கிள் இரும்பு தாங்காது, வளைந்து கொடுக்கும். சட்டம் வளையவே சக்கரங்கள் ஒரே தளத்தில் நில்லா. பட்டை கழன்று விழும். இதற்குக் கனத்த சதுரக் குழாயோ சேனலோதான் ஏற்றது.

உஷ்ணத்தின் செய்கையும் கருதத்தக்கது. ஓடும் பட்டை 30 பாகை சூடேறின், 12 அடி நீளத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நீளும். அற்பமென்று தோன்றும் இந்நீட்சியால், திருகாணியால் மட்டும் இறுக்கி அசையாது நிறுத்திய அச்சில் இழுவிசையின் பாதிக்கு மேல் போய்விடும். பலகை அலையலையாக வருவது இதனாலும், மழுங்கிய பல்லாலும், அவசரப்பட்டுத் தள்ளுவதாலும். திருகாணியோடு வலிய ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தால் அச்சுத் தானே பின்வாங்கித் தளர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருகாணியைத் தளர்த்திவிடுதலும் கடமை. குளிர்ந்து சுருங்கும் பட்டை இரவெல்லாம் அச்சை இழுத்துக்கொண்டிராது.

பட்டை அறுந்துபோவதை ஒருவராலும் முற்றும் தவிர்க்க இயலாது. பட்டையின் கனத்தைப்போல் ஆயிரம் மடங்கு சக்கரத்தின் குறுக்களவு இருக்கவேண்டும் என்பது பெரிய ஆலைகளின் பழைய விதி. நம் சக்கரம் 456 மடங்கே. மேலே கூறிய வேகத்தில் பட்டை நிமிஷத்திற்கு 417 முறை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வளைந்து நிமிரும். மணிக்கு 50,000 முறை வளையும் எஃகு களைத்து வெடிப்புக் காண்பதில் வியப்பில்லை. பல்லின் அடியில் மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றியதுமே அதனை நீக்குக. சக்கரங்களிரண்டையும் தகட்டால் முழுதும் மூடாமல் மோட்டாரை முடுக்கலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சக்கரங்கள் சிறிது நேரம் சுழலும்; அந்நேரத்திற் கையை நீட்டி விரலிழந்தோர் பலர். பிசினைக் கழுவப் பட்டையின்மேல் சோப்பு நீர் சொட்டவிடுவார்கள். அந்நீர் மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் அணுகாதிருக்க மறைப்பும், பழுதற்ற எர்த்துக் கம்பியும் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி மற்றொன்று. கிணற்று மோட்டாருக்கென வேளாளர்க்கு அளிக்கும் இலவச இணைப்பிலிருந்து இதனை ஓட்டுதல் குற்றம். அதனினும் பெரிய தடை வனச் சட்டம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் பற்றி எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை நாடெங்குமுள்ள மர அறுவை ஆலைகளைத் தொட்டது. 2016-இல் மத்திய அரசு மரத்தொழிற்சாலைகளின் உரிமம் பற்றி நெறிமுறைகளை வெளியிட்டது. தானே செய்த யந்திரமாயிற்றே என்பது விடையாகாது. இரும்பு வாங்குமுன் வனத்துறை அலுவலகத்திற் கேட்டறிவதே முறை. காடுகளைக் காக்க இக்கட்டுப்பாடு வேண்டியதே. ஆயினும் புயலில் வீழ்ந்த கொல்லை மரத்திற்கும் காட்டு மரத்திற்கும் உள்ள வேற்றுமை நடைமுறையில் எளிதாக இருந்தால் எத்தனையோ பலா விறகாகாது தப்பும் என்பது எமது எண்ணம்.

எந்த மரமும் இதற்கு ஒத்ததென்று எண்ணலாகாது. வேம்பும் வாகையும் பலாவும் இனிதாக அறுபடும். புளி கடினம், மெல்லத் தள்ளி, பல்லை அடிக்கடி தீட்டவேண்டும். சாலையோர மரங்களில் விளம்பரத் தகடு அறைந்த ஆணிகள் பட்டைக்குள் மறைந்து கிடக்கும். ஓர் ஆணி போதும், புதுப் பட்டையின் பற்களெல்லாம் போக. கடற்கரைப் பக்கத்துச் சவுக்கு அறுத்தபின் முறுக்கி வெடிக்கும் இயல்பினது. கம்பாகவே பயன்படுவது அதற்குத் தகுதி. பனையின் புறமோ வைரம், அகமோ சோறு. ரம்பம் வைரத்தை விட்டுச் சோற்றின் பக்கம் ஒதுங்கி ஓடும். அதனை நம் முன்னோர் கோடரியாலும் ஆப்பாலும் பிளந்தே கைமரமாக்கினர். இன்றும் அதற்கு அதுவே வழி.