ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் நாவல்



போன மாதக் கூட்டம் முடிந்ததும், சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு நோட்டு. பிறந்த ஊர், நடவு, வெள்ளம் வந்த வருஷம், மாமியார் வீடு என்று எல்லாவற்றையும் கதையாக எழுதி, அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். "பசங்க பார்த்தா சிரிப்பாங்க. அறுபது வயசுக்கு மேல இது தேவையா? கிழிச்சிப் போட்டுடவா?" என்று கேட்டார்.

தமிழின் முதல் நாவல் எப்படி வந்தது என்று அவரிடம் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

அதை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாயூரம் என்பது நம்ம மயிலாடுதுறைதான். 1826-ல் திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்து, கோர்ட்டு வேலையில் சேர்ந்து, முன்சீப் ஆனவர். பல வருஷம் வழக்குகளைக் கேட்டவர். அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு, 1879-ல்தான் 'பிரதாப முதலியார் சரித்திரம்' புத்தகமாக வந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியாச்சு. அதற்கு முன் 'நீதி நூல்' போன்ற செய்யுள் நூல்கள் எழுதியிருந்தார். ஆனால் உரைநடையில் நாவல் எழுத, பார்த்துக்கொள்ள தமிழில் மாதிரியே கிடையாது.

அவர் செய்தது நமக்குப் புரியாத வித்தை இல்லை. புத்தகம் முழுக்க குட்டிக் குட்டிக் கதைகள்: ஏமாற்றுக்காரர்கள், வழக்குகள், வேடிக்கைப் பேச்சு. ஒரு குடும்பத்தின் கதை என்ற நூலில் அவற்றைக் கோர்த்தார். அதில் ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆளுகிறாள்! பெண்கள் படிக்க வேண்டும் என்று 'பெண்மதி மாலை' எழுதியவர் வேறு எப்படி எழுதுவார்?

அவருக்குப் படிப்பும் பதவியும் இருந்தது, உண்மைதான். அடுப்பு, பேரப்பிள்ளை, மாட்டுக்குத் தீவனம் என்று அவர் ஓடியிருக்க மாட்டார். அதனால் நாம் ஒரே மூச்சில் எழுத நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், ஒரு பக்கம் போதும். யார் சொன்னது, எந்த வயல், என்ன சாப்பாடு என்று நடந்தபடி எழுதுங்கள். பேசுற பேச்சை அப்படியே போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். வீட்டில் சண்டை வரும்! வரிசைப்படுத்துவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வேதநாயகம் பிள்ளையின் இரண்டாவது நாவல் 'சுகுண சுந்தரி' 1887-ல் வந்தது. அவர் இறந்தது 1889-ல்.

அந்த அக்கா நோட்டைக் கிழிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும், இரண்டு பக்கம் வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். உங்களிடமும் நோட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். எழுத வராதவங்க வாயால சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்.