சுருண்டுகொள்ளும் ஈனாம்பேச்சி

திருவனந்தபுரம் வலியசாலைத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், தெருவில் இறங்கினால் மலையாளம். அங்கே வளரும் பிள்ளைகளின் காதில் ‘ஈனாம்பேச்சிக்கு மரப்பட்டி கூட்டு’ என்ற மலையாளப் பழமொழி சின்ன வயதிலேயே விழுந்துவிடும். ஜாடிக்கேற்ற மூடி என்று கேலி செய்வதற்குச் சொல்வது. மரப்பட்டி என்பது மரநாய். ராத்திரியில் ஓட்டுக்கூரைமேல் அது ஓடும் சத்தம் பலருக்கும் பழக்கம். ஈனாம்பேச்சியை நேரில் பார்த்தவர்கள்தான் அபூர்வம். தமிழில் அது அழுங்கு, எறும்புத்தின்னி.

தென் அமெரிக்காவிலும் ஓர் எறும்புத்தின்னி உண்டு, பெரும் எறும்புத்தின்னி. உடம்பெங்கும் ரோமம், துடைப்பம் போன்ற வால், மூக்கிலிருந்து வால்நுனிவரை சுமார் 2 மீட்டர் நீளம். அழுங்குக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. அழுங்கு நாய், பூனை வகைகளுக்குப் பக்கத்துக் கிளை. அமெரிக்க விலங்கு ஸ்லாத் குடும்பத்துக்குச் சொந்தம். எறும்பும் கரையானுமே சாப்பாடு என்றானதில் இரண்டும் ஒரே அமைப்புக்கு வந்து சேர்ந்தன: பல் இல்லாத வாய், புற்றைப் பிளக்கும் நகம், பிசுபிசுப்பான நீண்ட நாக்கு. பெரும் எறும்புத்தின்னியின் நாக்கு 60 சென்டிமீட்டர்வரை நீளும். நிமிடத்துக்கு 150 முறைவரை உள்ளே போய் வெளியே வரும். அழுங்கின் நாக்கோ தொண்டையில் தொடங்குவதில்லை, மார்புக்கூட்டின் கடைசிவரை வேரோடியிருக்கிறது. மெல்லும் வேலையை இரைப்பை செய்கிறது. இரையோடு விழுங்கிய பொடிக்கற்கள் உள்ளே அரைக்கின்றன.

மனிதன் எதிரே வந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. பெரும் எறும்புத்தின்னி சாது. ஒதுங்கிப் போகவே பார்க்கும். தப்ப வழியில்லாதபோது பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்கைகளால் இறுக்கிப் பிடித்து நகத்தை இறக்கும். பிரேசிலில் அப்படி இரண்டு வேட்டைக்காரர்கள் இறந்ததை 2014இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது. அவர்களில் ஒருவர், தன் நாய்கள்மேல் குண்டு பட்டுவிடும் என்று துப்பாக்கியைத் தவிர்த்துக் கத்தியோடு நெருங்கியவர். தொடை ரத்தக்குழாய் கிழிந்து உயிர் போனது.

அழுங்கு எதிர்த்துத் தாக்குவதில்லை. தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுவிடும். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன செதில்களில் சிங்கத்தின் பல்லும் இறங்குவதில்லை. ஆனால் மனிதனுக்குப் பல் தேவையில்லை. சுருண்டதை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். எந்த விலங்கிடமிருந்தும் காத்த உத்தியே கடத்தல்காரனுக்குச் சௌகரியமாகிவிட்டது.

கடத்தலைத் தூண்டும், செதில் மருந்தாகும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை அழுங்கைக் காக்கிறது. அழுங்கு இனங்கள் அனைத்தின் சர்வதேச வணிகத்தையும் நிறுத்த 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய வனவிலங்கு வணிகம் குறித்த சர்வதேச மாநாடு முடிவெடுத்தது. ஆனாலும் செதில் மூட்டைகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

பிடித்து வளர்த்துக் காப்பாற்றுவதும் லேசில்லை. கூண்டில் அடைபட்ட அழுங்கு மிரண்டு சாப்பாட்டை ஒதுக்கும்; வயிற்றுப் புண்ணாலும் நுரையீரல் நோயாலும் மடியும். புவனேஸ்வரத்தின் நந்தன்கானன் பூங்கா இதற்கென்றே தனி மையம் அமைத்து, குட்டி ஈனவும் வைத்திருக்கிறது. பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றும். இழந்ததை வேகமாக ஈடுகட்ட முடியாத இனம் இது.

திருவனந்தபுரத்தின் கிழக்கே நெய்யாறு, பேப்பாறை காடுகள் இருக்கின்றன. என்றாவது ஓர் இரவு உங்கள் தோட்டத்தில் செதில் போர்த்திய பந்து ஒன்று கிடந்தால் தொடாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். நாயைக் கட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். சத்தம் அடங்கினால் அது தானே விரிந்து, வந்த வழியே போய்விடும்.