பண்ணை வீட்டின் கதை

வீடு கட்டுபவன் சுவரை மட்டும் எழுப்புவதில்லை. எவ்வாறு வாழ வேண்டும், எவரை அயலாராகக் கொள்ள வேண்டும் என்ற தன் எண்ணத்தையும் சேர்த்தே எழுப்புகின்றான். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில் உருவாகி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாடெங்கும் பரவிய பண்ணை வீடு இதற்குத் தக்க சான்றாகும். பெயர்தான் பண்ணை வீடு. அதில் குடியேறியோர் பெரும்பாலும் நகர்ப்புறங்களிலே தொழில் பார்த்தவர்கள்.

கலிபோர்னியா 1848ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் கைமாறுமுன், ஸ்பானியர் ஆட்சியிலும் பின்னர் மெக்சிக்கோவின் ஆட்சியிலும் இருந்தது. அக்காலத்துப் பண்ணையாளர், களிமண்ணோடு வைக்கோலைக் குழைத்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் தடித்த சுவர்களை எழுப்பினர். அறைகள் ஒரே வரிசையில் அமைந்தன. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல உள்ளே நடைவழி இல்லை. முற்றத்தை நோக்கிய நீண்ட விறாந்தையே வழியாயிற்று. தடித்த சுவர் பகல் வெப்பத்தை விரைந்து உட்புக விடாது. தாழ்ந்த கூரை வெயிலை மறைத்து நிழல் தந்தது.

இப்பழைய வீடுகளிடையே சிறுபராயத்தைக் கழித்தவர் சான் டியேகோ நகரத்துக் கிளிவ் மே. அவர் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர் அல்லர். தளபாடங்கள் செய்து விற்றவர். 1930களின் தொடக்கத்தில், பழைய பண்ணை இல்லத்தின் அமைப்பைப் புதிய வசதிகளோடு இணைத்து வீடுகளைக் கட்டத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டில் 'சன்செற்' சஞ்சிகையார் அவரோடு சேர்ந்து வெளியிட்ட நூல், அவ்வமைப்பைப் பலரும் அறியச் செய்தது.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்தபின் வீட்டுத் தேவை பெருகியது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போர்முனையிலிருந்து மீண்டவர்கள் எளிதில் வீட்டுக்கடன் பெற வழி செய்தது. பண்ணை வீடோ விரைவாகக் கட்டுதற்கு ஏற்றது. நிலத்தைச் சமப்படுத்தி, அதன்மேல் நேரே கொங்கிறீற்றுத் தளம் வார்த்தனர். மாடியில்லை, படிக்கட்டுமில்லை. லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையிலுள்ள லேக்வுட்டில், 1950இல் தொடங்கி மூன்றாண்டுகளுள் ஏறத்தாழ 17,500 சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

பண்ணை வீட்டின் தெருப்பக்கம் ஆடம்பரமற்றது. மோட்டார் வண்டிக்கான கொட்டகை வீட்டோடு ஒட்டியே நிற்கும். பின்புறத்திலோ தள்ளித் திறக்கும் பெருங் கண்ணாடிக் கதவுகள் முற்றத்தை நோக்கி அமையும். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த தடை குறைந்தமையால், அடுப்படியில் நின்றவாறே தாய் தன் பிள்ளைகள் விளையாடுவதைக் காணலாம்.

இவ்வளவு திறந்த வீட்டுக்குள் எல்லாரும் புக முடிந்ததா? இல்லை. 1934இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் அளிக்கப் பெரும்பாலும் மறுத்தது. வெள்ளையரல்லாதார்க்கு வீட்டை விற்றலாகாது என்ற நிபந்தனை பல உறுதிகளில் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கம் உடனே மறையவில்லை. போரில் ஒருங்கே நின்றவர்களுள் ஒருவனுக்குப் புதுமனை கிடைத்தது. மற்றவனுக்கு, பணமிருந்தும், வாயில் அடைபட்டது.

அவ்வாயிலைத் திறந்துவிட முயன்ற வணிகர் ஒருவர் உண்டு. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 11,000 வீடுகள் கட்டிய ஜோசப் ஐக்லர், இனம் பாராது எவருக்கும் விற்றார். வீடு கட்டுவோர் தேசிய சங்கம் அக்கொள்கையை ஏற்காமையால், 1958இல் அதனின்றும் விலகினார். வீட்டு விற்பனையில் இனவேறுபாடு காட்டுவதை விலக்கும் நாடளாவிய சட்டம் 1968இலேயே பிறந்தது.

பின்னர் நிலத்தின் விலை உயர, பரந்த நிலம் வேண்டும் பண்ணை வீட்டினும் மாடி வீடே மிகுதியாகக் கட்டப்பட்டது. ஆயினும் படியேற இயலாத முதியோர் பண்ணை வீட்டை இன்றும் விரும்புகின்றனர். கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே நின்ற சுவரை அகற்றச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன. அயலானுக்கும் அயலானுக்கும் இடையே நின்ற சுவரைச் சட்டத்தால் அகற்றவோ, ஒரு தலைமுறைக் காலம் சென்றது.