போலீஸ் உடையில் வீடியோ கால்: படித்தவர்களே பணத்தை பறிகொடுப்பது ஏன்?

குத்துக்கல்வலசை,

"உங்க ஆதார் நம்பர்ல போன பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் கைது பண்றோம். போனை கட் பண்ணக்கூடாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இப்படி ஒரு வீடியோ கால் வருவதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் சென்னையிலும், துபாயிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் அவர் மட்டும்தான். செல்போன் திரையில் போலீஸ் உடை, பின்னால் அலுவலகம். 30 வருடம் பாடம் நடத்தியவர், அரைமணி நேரத்தில் சேமிப்பு முழுவதையும் அனுப்பி விடுகிறார்.

"இவ்வளவு படிச்சவர் எப்படி ஏமாந்தார்?" என்றுதான் ஊரே கேட்கும். ஆனால் மோசடி கும்பல் குறி வைப்பது படிப்பை அல்ல, பயத்தை!

தொழிலதிபரிடம் ரூ.7 கோடி

பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் உள்ள வர்த்தமான் ஜவுளி குழும தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்டு மாதம், அவரது 82-வது வயதில், சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லி ஒரு கும்பல் அவரை வீடியோ காலில் 2 நாள் கண்காணிப்பில் வைத்தது. சுப்ரீம் கோர்ட்டு விசாரணையையே நடித்துக் காட்டி ரூ.7 கோடியை சுருட்டியது. போலீசில் புகார் செய்ததால் ரூ.5.25 கோடி மீட்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு சம்பளம் கொடுப்பவருக்கே இந்த கதி!

மூளையில் நடப்பது என்ன?

1908-ம் ஆண்டு அமெரிக்க உளவியல் நிபுணர்கள் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளை வைத்து சோதனை நடத்தினார்கள். ஓரளவு அதிர்ச்சி கொடுத்தபோது எலிகள் வேகமாக கற்றன. ஆனால் கடினமான வேலையில் அதிர்ச்சியை கூட்டியபோது தடுமாறின. மனிதர்களும் அப்படித்தான். பரீட்சை ஹாலில் பதற்றம் அதிகமானால் தெரிந்த கணக்கே மறந்து போகிறது அல்லவா? அதே போலத்தான், மிரட்டல் அழைப்பில் "இது உண்மையா?" என்று சரிபார்க்கும் புத்தி மங்கி விடுகிறது.

அடுத்தது அதிகாரம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-ல் வெளியிட்ட ஆய்வில், அருகில் நின்ற ஆய்வாளர் "தொடருங்கள்" என்று சொன்னதற்காகவே, 40 பேரில் 26 பேர் இன்னொருவருக்கு 450 வோல்ட் வரை ஷாக் கொடுப்பதாக நம்பி சுவிட்சை அழுத்தினர். உண்மையில் அந்த ஷாக் போலி. ஆனால் அவர்கள் காட்டிய கீழ்ப்படிதல் நிஜம். காக்கி உடைக்கும், கோர்ட்டு முத்திரைக்கும் இதே சக்திதான்.

மூன்றாவது தனிமை. "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் கும்பலின் முக்கிய ஆயுதம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தமாக சொன்னாலே, "அட, இது ஏமாத்து வேலைங்க" என்ற பதில் வந்துவிடும். அது அவர்களுக்கும் தெரியும்!

என்ன செய்ய வேண்டும்?

இந்திய சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்றே கிடையாது. எந்த போலீசும், கோர்ட்டும் வீடியோ காலில் பணம் கேட்காது. 2024 அக்டோபரில் பிரதமர் மோடி தனது வானொலி உரையில் சொன்னதும் இதுதான்: நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள்.

முதலில் போனை கட் பண்ணுங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒருத்தர்கிட்ட விஷயத்தை சொல்லுங்க. படபடப்பு அடங்கியதும் புத்தி தானாக வேலை செய்யும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 2024-ல் மட்டும் நாடு முழுவதும் சைபர் மோசடியில் ரூ.22,845 கோடி பறிபோனதாக மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. ஏமாந்தது நீங்கள் மட்டும் அல்ல. உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கை மாறும் முன் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.