ஒளியைத் தேடி நீளும் கொடி

வரவேற்பறையின் மூலையில், புத்தக அலமாரியின்மேல் ஆசையோடு வைத்துப் பேணப்படும் மணி பிளான்ட், முதற் சில மாதங்கள் செழித்துப் படர்ந்துவிட்டுப் பின்னர்க் கணுவுக்குக் கணு அரைச் சாண் இடைவெளி விட்டு, அடியில் இலையுதிர்ந்து, நுனியில் மட்டும் சிற்றிலைகள் இரண்டைத் தாங்கிக் கயிறுபோல் தொங்கத் தொடங்கும்போது, செடிக்கு ஏதோ வியாதி கண்டுவிட்டதென்று வளர்ப்பவர் கவலையுறுவதும், நீரையும் உரத்தையும் மிகுதியாக இடுவதும் வழக்கம். அது வியாதியன்று, அக்கொடி தான் பிறந்த வனத்தின் சுபாவத்தை நம் இல்லத்திலும் மறவாதிருக்கிறது என்பதே உண்மை.

தென் பசிபிக் சமுத்திரத்தில் தாஹித்திக்கு அருகிலுள்ள மோரியா என்னும் சிறு தீவே இதன் ஜன்மபூமி. வெயில் எட்டாத காட்டுத் தரையில், கிடைக்கும் சொற்ப சக்தியை இலைகளில் விரயம் செய்யாமல் தண்டின் நீளத்திலேயே செலவிட்டு ஊர்ந்து செல்லும் இக்கொடி, ஒரு மரத்தைக் கண்டதும் வேர்களால் அதனைப் பற்றி ஏறி, மேலே ஒளியை எட்டிய பின்னரே முழங்கையினும் நீண்ட பேரிலைகளை விரிக்கிறது. நம் தொட்டியில் காணும் உள்ளங்கையளவு இலை அதன் பாலப் பருவத்து இலையே.

அறையில் வெளிச்சம் போதுமே என்று நாம் எண்ணுவது கண்ணின் மயக்கம். நண்பகல் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுள்ள ஒளி, ஜன்னலைத் தாண்டி அறையின் உட்புறத்தை அடையும்போது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. நம் கண்மணி விரிந்து அக்குறையை மறைத்துவிடுகிறது. ஒளியையே உணவாக்க வேண்டிய இலைக்கோ அத்தகைய சலுகை இல்லை. ஆகவே பரிகாரத்தின் முதற்படி, காலை இளவெயில் சற்றே படும் ஜன்னலருகே தொட்டியை நகர்த்துவதாகும். உச்சி வெயில் நேரே பட்டால் இலை கருகும்.

ஆயினும், ஒருமுறை நீண்ட தண்டு மீண்டும் குறுகுவதில்லை. இலையிழந்த கணுவில் அதே இலை மறுபடி வருவதுமில்லை. இங்கேதான் கத்தரிக்கோல் தேவைப்படுகிறது. கொடியின் நுனிமொட்டு ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்ப, கணுக்களிலுள்ள கோணமொட்டுகள் அதன் ஆதிக்கத்தால் உறங்கிக் கிடக்கின்றன. நுனியை நீக்கினால் அவை விழிக்கும் என்பதையும், நீக்கிய இடத்தில் ஆக்ஸினைத் தடவினால் உறக்கம் நீடிக்கும் என்பதையும் 1933-ஆம் ஆண்டில் கென்னத் திமான், ஃபோல்கே ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் அவரையினச் செடியொன்றில் பரிசோதித்துக் காட்டினர். முருங்கைக் கன்று இடுப்பளவு உயர்வதற்குள் அதன் நுனியைக் கிள்ளிவிடும் நம் உழவரின் பழக்கத்திலும் இந்தத் தத்துவமே அடங்கியிருக்கிறது.

கணுவுக்குச் சற்று மேலே வெட்டுக. வெட்டிய துண்டுகளை எறிந்துவிட வேண்டாம். பழுப்பு நிற வேர்முனை அரும்பியிருக்கும் கணு ஒன்றிரண்டு உடைய துண்டு ஒவ்வொன்றும், கணு நீரில் மூழ்குமாறு வைத்து அவ்வப்போது நீரை மாற்றி வந்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர்விடும். கணுவில்லாத் துண்டு எத்தனை நாள் கிடந்தாலும் செடியாகாது. வேர்விட்டவற்றைத் தாய்த் தொட்டியிலேயே நட்டால், மொட்டையான அடிப்பாகம் மறைந்து தொட்டி நிறையும். இதன் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் அரிக்குமாதலால், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைத்துக் கையைக் கழுவிக்கொள்வது அவசியம்.

ஒளி போதுமானதாயிற்றா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓரிரு மாதம் கழித்துப் புதிதாக வந்த கணுக்களுக்கிடையே விரலை வைத்து அளந்து பாருங்கள். இடைவெளி குறுகி, இலை அகன்றிருக்குமாயின், தேடி அலைந்த ஒளி அக்கொடிக்குக் கிட்டிவிட்டதென்று அறிந்து மகிழலாம்.