தனக்ரா பாவைகள்: முகம் பார்த்த காலமும் முதுகு பார்க்கும் காலமும்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கிரேக்கச் சேகரிப்பில் ஒரு சுடுமண் பெண் இருக்கிறாள். உயரம் முப்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். தலையையும் தோளையும் மூடி இறங்கும் மேலாடையில் இன்னும் உதிராமல் ஒட்டியிருக்கிறது நீலம். ஓரத்தில் பொன்பூச்சின் சுவடு. 'நீல மங்கை' என்று அவளை அழைக்கிறார்கள். ஏதென்ஸுக்கு வடக்கே, பொயோத்தியா நாட்டில் இருந்த தனக்ரா என்ற சிறு நகரத்தின் பெயரைச் சுமக்கும் பாவைகளில் ஒருத்தி. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் சூளையிலிருந்து வெளியே வந்தவள்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பாவைகளை வாங்கியவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், மயங்கினார்கள், விலை கொடுத்தார்கள். இன்றைய ஆய்வாளர் முதலில் பாவையைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார். எப்படிச் செய்யப்பட்டது, எப்போது சுடப்பட்டது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். முதல் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த விடை எப்படித் தொலைந்தது, மிச்சமிருப்பதை வைத்து இன்று என்ன செய்கிறார்கள் என்பதுதான் தனக்ரா பாவைகளின் கதை.

பட்டறையில்

தனக்ரா வகைப் பாவைகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 330 முதல் 200 வரை. பெரும்பாலானவை பத்து முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம். தெய்வங்களும் சிறுவர்களும் உண்டு. ஆனால் பெயர் வாங்கித் தந்தவர்கள் நின்றபடியே மேலாடையை இழுத்துப் போர்த்திய பெண்கள்தான். ஒருத்தி கூம்பு வடிவ வெயில் தொப்பி வைத்திருப்பாள். இன்னொருத்தி கையில் இலை வடிவ விசிறி. துணிக்குள்ளே மடங்கியிருக்கும் முழங்கையும், ஒரு காலில் சாய்ந்து நிற்பதால் இடுப்பில் விழும் மடிப்பும் களிமண்ணில் துல்லியமாகத் தெரியும்.

இவை அச்சில் வார்த்த பொருட்கள். கைவினைஞர் முதலில் மூலப் பொம்மை ஒன்றைச் செய்வார். அதன்மேல் களிமண்ணை அப்பி அச்சு எடுத்துச் சுட்டுக்கொள்வார். பிறகு கொழுக்கட்டை அச்சில் மாவை ஒற்றுவதுபோல ஈரக் களிமண்ணைத் தகடாக அச்சுக்குள் விரலால் ஒற்றுவார். முன்பக்கம் நுணுக்கமான அச்சு. பின்பக்கத்துக்குப் பல நேரம் எளிய அச்சு அல்லது வெறும் களிமண் தகடு. தலையும் கையும் தனி. எல்லாவற்றையும் களிக்குழம்பு வைத்து ஒட்டுவார்கள். முதுகில் ஒரு ஓட்டை விடுவார்கள். சூளையில் சூடேறும்போது உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறாவிட்டால் பாவை வெடித்துவிடும். சுடுவதற்கு முன் வெண்களிமண் பூச்சு. சுட்டபின் அதன்மேல் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று வண்ணம்.

ஒரே அச்சு, ஆனால் தலையைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால் வேறு பெண். தொப்பி வைத்தால் இன்னொருத்தி, விசிறி கொடுத்தால் மற்றொருத்தி. சில அச்சுகளைக் கொண்டே ஒரு வீதிப் பெண்களை உருவாக்கினார்கள்.

செய்தவர்களுக்கு அந்நாளில் பெரிய மதிப்பு கிடையாது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் ஏதென்ஸ் அறிஞர் ஐசோகிரட்டீஸ், தம்மை வழக்குப் பேச்சு எழுதுபவர் என்று சொல்வது பெருஞ்சிற்பி ஃபிடியாஸைப் பொம்மை செய்பவர் என்று சொல்வதற்குச் சமம் என்று 'அந்திதோசிஸ்' உரையில் மனம் கசந்து பேசினார். ஃபிடியாஸ் பொன்னும் தந்தமும் கொண்டு பார்த்தினான் கோயிலுக்குள் நிறுத்திய ஏதீனா சிலை இன்று இல்லை. பெயர் தெரியாத பொம்மைக்காரர்களின் மண் பாவைகள் உலக அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பொன்னை உருக்கலாம், தந்தத்தைக் கழற்றலாம். சுட்ட மண்ணைத் திருடி உருக்குவார் யாருமில்லை. அதுவே அவற்றைக் காப்பாற்றியது.

கலப்பை முனையில்

1870 வாக்கில், அன்று வ்ராட்சி என்று அழைக்கப்பட்ட கிராமத்தில் நிலத்தை உழுதவர்களின் கலப்பையில் பழைய கல்லறைகள் தட்டுப்பட்டன. பண்டைய தனக்ராவின் வாயில்களிலிருந்து வெளியே போகும் சாலைகளின் இருபுறமும் கல்லறைகள் இருந்தன. அவற்றுக்குள் பாவைகள் இருந்தன. சந்தையில் அவற்றுக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் ஊரே மண்வெட்டி எடுத்தது. கோர்ஃபு தீவிலிருந்து வந்த, 'பார்பா யோர்கி' என்ற பட்டப்பெயர் கொண்ட கைதேர்ந்த கல்லறைத் தோண்டியும் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் 8,000 முதல் 10,000 கல்லறைகள் வரை திறக்கப்பட்டன என்பது மதிப்பீடு.

கிரேக்கத்தில் தொல்பொருள் சட்டம் 1834-இலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. தோண்டியவர்கள் வயலில் இருந்தார்கள். 1874-இல் பனயோட்டிஸ் ஸ்தமத்தாகிஸ் என்ற தொல்லியல் அலுவலர் முறையான அகழாய்வுக்காக அங்கே போனபோது பெரும்பகுதி கைமீறிப் போயிருந்தது. 

கல்லறையை அவசரமாக உடைத்தவர்கள் விலைபோகும் பாவையை எடுத்தார்கள். உடைந்த பானையை எறிந்தார்கள், எலும்பைக் கலைத்தார்கள். பாவை தலைமாட்டில் இருந்ததா, காலடியில் இருந்ததா? இறந்தவர் கிழவியா, குழந்தையா? கூடவே என்ன இருந்தது? ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு கல்லறை ஒருமுறைதான் திறக்கப்படும். அந்த ஒருமுறையில் குறிப்பெடுக்காவிட்டால் அந்தச் செய்தி நிரந்தரமாகப் போய்விட்டது. தனக்ராவில் அது ஆயிரக்கணக்கான தடவை நடந்தது. இந்த இழப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சான்று உண்டு. ஆசியா மைனர் கரையில் உள்ள மிரினாவில், 1880 முதல் 1882 வரை, ஏதென்ஸில் இயங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக எட்மோன் போத்தியேயும் சாலமோன் ரேனாக்கும் கல்லறைகளைத் தோண்டினார்கள். பல கல்லறைகளில் என்னென்ன சேர்ந்திருந்தன என்ற குறிப்புகளோடு அதை நூலாகவும் வெளியிட்டார்கள். இன்றைய அளவுகோலில் அது முழுமையானதல்ல. ஆனாலும் மிரினா பாவைகளைப் பற்றி இன்று நம்பிக்கையோடு பேச முடிகிறதென்றால் அந்த நோட்டுப்புத்தகங்களே காரணம்.

பாரிஸ் வரவேற்பறையில்

1878-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் தனக்ரா பாவைகள் வைக்கப்பட்டன. ஐரோப்பா அவற்றைக் கண்டு சொக்கிப்போனது. அதுவரை பண்டைக் கிரேக்கம் என்றால் வெள்ளைப் பளிங்கும் வீரர்களும் தெய்வங்களுமே. இங்கேயோ தொப்பி வைத்து, விசிறி பிடித்து, உலாப் போகக் கிளம்பியவர்கள் மாதிரி பெண்கள்! பாரிஸ் மாந்தர் தங்கள் வீட்டுப் பெண்களையே அவற்றில் கண்டார்கள். அருங்காட்சியகங்களும் செல்வர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏதென்ஸில் ரஷ்யத் தூதராக இருந்த பியோத்தர் சபூரோவ் திரட்டியவை 1884-இல் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஓவியர் விஸ்லர், லண்டன் அயோனிடிஸ் குடும்பத்தின் பாவைகளைப் படம்பிடித்த ஆல்பம் ஒன்றை வைத்திருந்தார்.

அந்த மோகத்தின் உச்சத்தை இன்றும் ஓர்சே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ழான் லியோன் ஜெரோம் 1890-இல் காட்சிக்கு வைத்த 'தனக்ரா' என்ற பளிங்குச் சிலை அது. நகரமே ஒரு பெண்ணாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கையில் வளையத்தோடு ஆடும் சின்னஞ்சிறு பாவை. அவள் உட்கார்ந்திருக்கும் மேட்டில் தோண்டும் கருவி ஒன்று கிடக்க, மண்ணுக்குள்ளிருந்து பாவைகள் எட்டிப் பார்க்கின்றன. அந்த வளைய ஆட்டக்காரி எந்தக் கல்லறையிலிருந்தும் வந்தவள் அல்ல, ஜெரோமின் கற்பனை. பழமையை ரசித்த தலைமுறை தனக்குப் பிடித்த பழமையைத் தானே செய்துகொள்ளவும் தொடங்கியிருந்தது.

வியாபாரிகள் அதையே தொழிலாக்கினார்கள். ஒருத்தியின் உடம்பில் வேறொருத்தியின் தலையை ஒட்டினார்கள். உதிர்ந்த வண்ணத்துக்கு மேல் புது வண்ணம் தீட்டினார்கள். கல்லறைச் சரக்கு தீர்ந்து வந்தபோது முழுப் பாவைகளையே புதிதாகச் சுட்டார்கள். பலர் சேர்ந்திருக்கும் காதல் காட்சிகளும் புராணக் காட்சிகளும் ஆசியா மைனரில் கிடைத்தவை என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. சந்தைக்கு வந்த எந்தப் பாவைக்கும் கண்டெடுத்த இடத்தின் பதிவு இல்லாததால் பொய்யான பாவையை மறுக்க ஆதாரமும் இல்லை. கொள்ளைதான் போலிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இன்றைய ஆய்வுக்கூடத்தில்

போலியைப் பிடிக்கும் வழி 1960-களுக்குப் பிறகு வந்தது. சுட்ட மண்ணில் உள்ள குவார்ட்ஸ் போன்ற துகள்கள், சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலை ஆண்டாண்டாகச் சேர்த்து வைக்கும். சூளைச் சூடு அந்தச் சேமிப்பைத் துடைத்துவிடும். அன்றிலிருந்து மறுபடி சேரத் தொடங்கும். பாவையின் அடியில் சிட்டிகைத் தூள் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சூடாக்கினால் சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளியேறும். ஒளி எவ்வளவோ அவ்வளவு வயது. வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்பு என்று இதற்குப் பெயர். இது துல்லியமாக இந்த ஆண்டு என்று சொல்லிவிடாது. ஆனால் பாவை சூளையேறி 2,300 ஆண்டா, 130 ஆண்டா என்று ஐயமில்லாமல் பிரித்துவிடும். பெயர்பெற்ற சேகரிப்புகளிலேயே பல பாவைகள் இந்தச் சோதனைக்குப் பின் காட்சிப் பேழையிலிருந்து கிடங்குக்குப் போயின.

வண்ணத்தின் கதையும் மாறிவிட்டது. சுட்டபின் தீட்டிய வண்ணம் என்பதால் அது ஈரத்தில் எளிதாக உதிரும். போதாக்குறைக்கு விற்பவர்கள் கழுவவும் செய்தார்கள். எனவே வெறும் செம்மண் நிறத்தையே பாவையின் நிறமாக நம்பியவர்கள் பலர். பாவைகளுக்குத் தீட்டிய எகிப்திய நீலம் என்ற செயற்கை நிறமிக்கு ஓர் இயல்பு உண்டு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்பு ஒளியை உமிழும். ஜியோவானி வெர்ரி என்ற ஆய்வாளர் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இதைப் படமெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஆடை ஓரத்தில், கேமரா திரையில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அங்கே ஒருகாலத்தில் நீலக் கரை ஓடியது. மஞ்சிட்டி வேர்ச் சாயத்தின் இளஞ்சிவப்பு புறஊதா ஒளியில் தன்னைக் காட்டிக்கொள்ளும். பாவையைச் சுரண்டாமல், தொடாமல் அவள் உடுத்திய நிறத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

முதுகுப் பக்கத்துக்கு வருவோம். உள்கூட்டில் ஒளியைப் பாய்ச்சினால் களிமண்ணை ஒற்றிய விரல்களின் பள்ளம் தெரியும்; சிலவற்றில் ரேகையே பதிந்திருக்கும். ஒரு பாவையிலிருந்து மறுபடி அச்சு எடுத்தால் உலர்வதிலும் சுடுவதிலும் மண் சுருங்கி, அடுத்த பாவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும்; மடிப்பும் மழுங்கும். ஆர். வி. நிக்கல்ஸ் 1952-இல் எழுதிய கட்டுரை இந்தச் சுருக்கத்தைக் கொண்டு பாவைகளைத் தலைமுறை வாரியாக அடுக்கும் வழியைக் காட்டியது. இன்று முப்பரிமாண வருடி அதே வேலையைத் துல்லியமாகச் செய்கிறது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் இரண்டு பாவைகள் பாட்டியும் பேத்தியும் என்று சொல்ல முடிகிறது. லூவரில் 2003-இல் தொடங்கிய பெரிய தனக்ரா கண்காட்சி இன்னொரு செய்தியையும் மக்கள் முன் வைத்தது. இந்தப் பாணி பிறந்த இடம் ஏதென்ஸ் பட்டறைகள். அங்கிருந்து அச்சும் பாவையும் பயணப்பட்டுப் பொயோத்தியாவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் பரவின. தனக்ரா பெயரைக் கொடுத்த ஊர், பாணியைப் பெற்றெடுத்த ஊர் அல்ல.

யாருக்காக வைத்தார்கள்?

இந்தப் பெண்கள் யார்? லூவரின் லியோன் ஹூசே அன்று இவர்களைத் தெய்வங்களோடும் மறைசமயச் சடங்குகளோடும் இணைத்தார். மற்றவர்கள் தெருவில் போகும் சாதாரணப் பெண்கள் என்றார்கள். இன்றைய ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். இதே மாதிரிப் பாவைகள் கோயில்களில் காணிக்கையாகவும் கிடைக்கின்றன. கி.மு. 348-இல் அழிந்த ஒலிந்தஸ் நகரத்தில் சுடுமண் உருவங்கள் வீடுகளுக்குள்ளேயே கிடைத்தன. ஆகவே ஒரே பாவை வீட்டில் ஒன்றாகவும், கோயிலில் ஒன்றாகவும், கல்லறையில் ஒன்றாகவும் இருந்திருக்கலாம். முறையாகத் தோண்டிய இடங்களில் குழந்தைகள், இளம்பெண்களின் கல்லறைகளில் இவை அதிகம் கிடைப்பதால், மணமாகும் முன்பே இறந்தவர்களோடு சேர்த்து இவற்றை நோக்குகிறவர்கள் உண்டு. நன்றாக உடுத்திய, வளர்ந்த ஒரு பெண்ணின் உருவத்தை, அந்த வயதை எட்டாமலே போன மகளோடு பெற்றோர் புதைத்தார்களா? தனக்ராவின் பல்லாயிரம் கல்லறைகள் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் இந்தக் கேள்வி இன்று தீர்ந்திருக்கும்.

தனக்ராவில் இன்று

1899-இன் சட்டம் கிரேக்க மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் யாவும் அரசின் சொத்து என்றது. 2002-இல் புதிய சட்டம் வந்தது. சில பாவைகள் தேபேஸ், ஸ்கிமத்தாரி அருங்காட்சியகங்களில் சொந்த மண்ணருகே இருக்கின்றன. வ்ராட்சிக்கும் தனக்ரா என்றே பெயர் திரும்பிவிட்டது. அருகே கிரேக்க விமானப் படையின் தளம் இயங்குகிறது. 2000 முதல் லைடன் பல்கலைக்கழகத்தின் ஜான் பின்ட்லிஃப் தலைமையிலான குழு, பழைய நகரத்தின் மேல் அடிமேல் அடிவைத்து நடந்து, தரையில் கிடந்த ஓட்டுச்சில்லுகளை எண்ணியது. மண்ணுக்கடியில் இருக்கும் சுவர்களையும் தெருக்களையும் கருவிகளால் கண்டறிந்தது. ஒரு காலத்தில் ஊரே மண்வெட்டியோடு இறங்கிய நிலத்தில், இன்று தோண்டாமலே படிக்கக் கற்றிருக்கிறார்கள்.

இவ்வளவு மாறியும் பழைய பசி ஓயவில்லை. எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியாத பழம்பொருட்கள் இன்றும் உலகச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார். நம் கையில் உள்ளது ஒன்றே ஒன்று: அருங்காட்சியகத்தில் எந்தப் பழம்பொருளின் முன் நின்றாலும் பெயர்ப்பலகையில் கண்டெடுத்த இடத்தைத் தேட வேண்டும். இடமும் ஆண்டும் எழுதியிருந்தால், அங்கே ஒருவர் பொறுமையாகக் குறிப்பெடுத்திருக்கிறார். எழுதியிருக்காவிட்டால், ஏன் என்று காப்பாட்சியரைக் கேட்க வேண்டும். பார்வையாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்கத்தான், பதிவில்லாத பொருளை வாங்க அருங்காட்சியகங்களும் தயங்கும்.