தெப்பம் சாயாமல் நிற்பது எப்படி? தூணின் காலடியில் இருக்கிறது சூட்சுமம்!

திருவண்ணாமலை,

2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் எரிகிறது. கீழே அய்யங்குளத்தில் தெப்பம் மிதக்கிறது. தீபத்துக்கு மறுநாள் தொடங்கி 3 இரவுகள் இந்தக் கண்கொள்ளாக் காட்சி. முதல் நாள் சந்திரசேகரர், 2-வது நாள் பராசக்தி அம்மன், 3-வது நாள் சுப்பிரமணியர் பவனி.

கூட்டம் சாமியைப் பார்க்கிறது. வண்ண விளக்கைப் பார்க்கிறது. மண்டபத் தூண் எதன் மேல் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. "அதான் மிதக்குதே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

ஆனால் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது!

பீப்பாய்க் கணக்கு

காலிப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே மரச்சட்டமும் பலகையும் போட்டால் தெப்பம் தயார். 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் சுமார் 20 கிலோ எடை. அது முழுக்க முங்கினால் 180 கிலோ தாங்கும். பாதி முங்கினால் 80 கிலோதான். பாதி முங்கும் கணக்கில் 50 பீப்பாய் கட்டினால் 4 டன் ஏற்றலாம்.

கணக்கு சரியாக இருந்தாலும் போதாது. தூணை வெறும் பலகை மேல் நிறுத்தினால் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். பலகை வளையும். அடியில் உள்ள பீப்பாய் அமுங்கும். தெப்பம் ஒரு பக்கம் சாயும்.

கப்பலிலும் இதே கதை

பாய்மரக் கப்பலிலும் இதே கதைதான். பாய்மரத்தின் எடை மட்டுமல்ல, அதை இழுத்துக் கட்டிய கயிறுகளும் அதைக் கீழ்நோக்கி அழுத்தும். அதனால் பெரிய மரக்கப்பல்களில் பாய்மரம் மேல்தளப் பலகையோடு நிற்காது. தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிமரம் வரை இறங்கும். அங்கே கனத்த கட்டையில் வெட்டிய குழியில் அதன் கால் உட்காரும். அந்தக் கட்டை உளுத்தால் பாய்மரம் ஆட்டம் காணும்!

தெப்பத்துக்கும் வைத்தியம் அதுவே. தூணுக்கு அடியில் பல பீப்பாய்களின் மேல் படியும்படி நீளமான உத்திரம் போட வேண்டும். கால் நழுவாமல் குழி வெட்டிப் பொருத்த வேண்டும். தூண்களுக்கு இடையே குறுக்குச்சட்டம் அடிக்க வேண்டும்.

45 உயிர்கள்

அடி பலமாக இருந்தாலும் மேல்பாரம் கூடினால் ஆபத்துதான். 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அந்தச் சோகத்துக்கு ஒரு காரணம்.

தெப்பத்தில் ஏறுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. "நானும் ஒரு ஓரமா நின்னுக்கிறேன்" என்று ஏறும் ஒவ்வொருவரும் 60, 70 கிலோ!

அடுத்த முறை தெப்பம் பார்க்கப் போனால், விளக்கைப் பார்த்துவிட்டு, தூணின் காலடியையும் ஒரு முறை பாருங்கள்.